டின்னவெல்லி துரைகளும் வாளப்பளமும்

திருநெல்வேலிக்காரன் வாயில் வாழைப்பழம் நுழையாது, வாளப்பளம்தான் நுழையும். பழைய மெட்ராஸ்காரன் அதையே வாயப்பயம் என்று சொல்லிவிட்டு, நம்மைப் பார்த்துச் சிரிப்பான். குற்றம் இரண்டு பேர் மேலும் இல்லை. ழகரத்துக்கு நாக்கை மடித்து, எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் நிறுத்தணும். ளகரத்துக்கு மேலண்ணத்தைத் தொட்டு இளைப்பாறிக்கொள்ளலாம். யகரத்துக்கு மடிக்கிற வேலையே மிச்சம். தெற்கத்தி நாக்கு பாதிச் சோம்பேறி, மெட்ராஸ் நாக்கு முழுச் சோம்பேறி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வழக்கைப் பதிந்துவைக்க ஒரு வெள்ளைக்காரர் வரவேண்டியிருந்தது. 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், தேரிக்காட்டு வெயிலில் காய்ந்து பழகி, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். ழகரம் ஊருக்கு ஊர் படுகிற பாட்டையும் அதில் எழுதிவைத்தார்.

அவர் யாரென்று பார்த்தால், பிறந்தது அயர்லாந்து, படித்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. லண்டன் சீமான் காதுக்கு இரண்டுமே பட்டிக்காடு. அவருக்கு முன்னால் பாளையங்கோட்டையில் கொடி நாட்டிய ரேனியஸ், பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மன்காரர். சாயர்புரத்தில் பிரம்பும் கையுமாக நின்ற போப்பையர் பிறந்ததோ கனடாப் பக்கம் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். தாமிரபரணிக் கரைக்குச் 'சுத்தமான இங்கிலீஷ்' வந்து சேர்ந்த லட்சணம் இதுதான்.

அந்தச் சுத்தத்தின் கதையையும் கேளுங்கள். 1476-ல் காக்ஸ்டன் லண்டன் பக்கத்தில் அச்சுக்கூடம் வைத்தார். எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல ஈயத்தில் உறைந்தது. ஆனால் ஜனங்களின் வாய் உறையவில்லை. 'நாமெ' என்று ஒரு காலத்தில் சொன்ன சொல் 'நேம்' ஆயிற்று. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. பிறகு 18-ம் நூற்றாண்டில் லண்டன்காரனுக்கு ரகரம் பாரமாகிவிட்டது. 'கார்ட்' என்கிற வண்டியைக் 'காஆட்' என்று இழுத்து ஓட்டினான். ஸ்காட்லாந்துக்காரனும் அயர்லாந்துக்காரனும் அமெரிக்காவில் பெரும்பாலோரும் ரகரத்தை விடவில்லை. விட்டவன் கையில் ராஜாங்கம் இருந்ததால், விடாதவன் பட்டிக்காட்டான் ஆனான்.

ஆக, வொர்செஸ்டர் என்று எழுதிவிட்டு 'வூஸ்டர்' என்று விழுங்குகிற கூட்டம், நம்ம ஊர்ப் பேரை மட்டும் மென்றா தின்னும்? திருநெல்வேலி டின்னவெல்லி ஆயிற்று. திருவும் போச்சு, நெல்லும் போச்சு. தூத்துக்குடி போர்த்துகீசியர், டச்சுக்காரர் என்று கைமாறி வந்து டூட்டிகொரின் என்று நின்றது. பாளையங்கோட்டை பாலம்கோட்டா ஆனதுதான் விசேஷம். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வந்ததே 1843-ல்தான். சுலோசன முதலியார் கைக்காசைப் போட்டுக் கட்டியது. துரைமார் அதற்கு வெகு முன்பே பேரில் பாலம் கட்டிவிட்டார்கள், காலணாச் செலவில்லாமல். கட்டபொம்மனைக் கும்பினித் தாள்களில் 'கட்டபோமா நாயக்' என்று எழுதினார்கள். கோட்டையை இடிக்கப் பீரங்கி வேண்டும், பேரை இடிக்கப் பேனா போதும்.

இதில் அவர்கள் முதல் ஆளும் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்கன் முத்து வாங்க வந்து, கொற்கையைக் 'கொல்கோய்' என்று எழுதிவைத்தான். நாமும் சும்மா இருக்கவில்லை. புன்னைக்காயலில் பல வருஷம் இருந்து, தமிழில் புத்தகம் அச்சேற்றிய போர்த்துகீசியப் பாதிரியார் என்ரிக்கே என்ரீக்கெஸை அண்டிரிக் அடிகளார் ஆக்கி அனுப்பினோம். ஹாஸ்பிடலை ஆஸ்பத்திரி ஆக்கினோம். லார்டை லாடு ஆக்கி 'லாட்டு துரை' என்றோம். ஆனால் நாம் செய்தால் அது கொச்சை. துரை செய்தால் ஜில்லாவின் பேர். யார் கையில் ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறதோ, அவர் நாக்குதான் இலக்கணம், அண்ணாச்சி.

ஒருநாள் ஸ்டாம்பு நம்ம கைக்கும் வந்தது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை வெளியிட்டது. தூத்துக்குடிக்கு எழுத்துகள் பெருகின. வேலூரோ படிக்கிறவன் கண்ணுக்கு 'வீலூர்' ஆகிவிட்டது. ஊரெல்லாம் சிரித்த சிரிப்பில் ஆணை அதே மாதம் வாபஸ்.

டின்னவெல்லியோ சுமார் நூற்றைம்பது வருஷம் ஜம்மென்று ஓடியது. துரைமாருக்குத் தமிழ் தெரியாது என்று ஒரு சாக்காவது இருந்தது.