டிக்கியில் இடி வளர்ப்போர்

கார் வைத்திருப்போருள், வண்டி எவ்வளவு ஓடுகிறது என்பதைவிட எவ்வளவு அதிர்கிறது என்பதையே பெரிதாகக் கருதும் ஒரு வகையினர் உண்டு. அவர்களைப் பேஸ் அன்பர்கள் எனலாம். பேஸ் என்பது நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 200 முறை வரை அதிரும் தாழ்ந்த ஒலி. அதற்கென்றே செய்யப்பட்ட 10 அல்லது 12 அங்குல ஒலிபெருக்கிக்குச் சப்-ஊஃபர் என்று பெயர். அது பெரும்பாலும் டிக்கியில் ஒரு மரப்பெட்டிக்குள் குடியேறுவதால், வெளியூர்ப் பயணங்களில் பெட்டி படுக்கைகள் குடும்பத்தாரின் மடிக்கு மாறுவது வழக்கம்.

இவ்வன்பரின் வாழ்வில் இரு பருவங்கள் உள்ளன. முதற்பருவத்தில், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் அலங்காரக் கடைகளில் ஏறியிறங்கி, அட்டைப்பெட்டியில் மிகப் பெரிய வாட் எண் எதில் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதையே வாங்கிவருவார். அவ்வெண் ஒரு கணம் மட்டுமே தாங்கக்கூடிய பீக் ஆற்றல் என்பதும், தொடர்ந்து தாங்கும் ஆற்றலாகிய ஆர்.எம்.எஸ். அதில் பாதிகூட இராது என்பதும் தெரியவரும்போது இரண்டாம் பருவம் தொடங்குகிறது. புதிதாக மதம் மாறியவரின் தீவிரம் அப்போது அவரிடம் வந்துவிடும். பீக் எண்ணைச் சொல்லிப் பெருமைப்படும் எவரையும் துக்கம் விசாரிக்க வந்தவர் போல நோக்குவார்.

இப்பருவத்தில் அவர் பேச்சு முழுவதும் ஓம் பற்றியதாகவே இருக்கும். அதனை ஆன்மிகம் என மயங்கலாகாது. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஒலிபெருக்கியின் சுருள் காட்டும் எதிர்ப்பின் அலகு. ஒவ்வொன்றும் 4 ஓம் உள்ள இரட்டைச் சுருள் கொண்ட சப்-ஊஃபரைப் பக்க இணைப்பில் கோத்தால் 2 ஓமும், தொடர் இணைப்பில் கோத்தால் 8 ஓமும் கிடைக்கும். 2 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் அதன் கால்பங்கு அளவே தரும். இக்கணக்கு சரியானதே. ஆனால், அன்பரின் உள்ளம் 2 ஓமில் அடங்குவதில்லை. அதேபோன்ற இன்னொரு சப்-ஊஃபரையும் பக்க இணைப்பில் சேர்த்து 1 ஓமுக்கு இறங்குவார். அத்தனை குறைந்த எதிர்ப்பைத் தாங்குமாறு வடிவமைக்கப்படாத ஆம்ப்ளிஃபயர், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சிவப்பு விளக்கை ஏற்றிவிட்டு வாய்மூடும். அன்று வண்டியில் நிலவும் அமைதியைக் குடும்பத்தார் நெடுநாள் நினைவுகூர்வர்.

ஒயரிங்கில் அவர் காட்டும் ஒழுக்கம் மெய்யாகவே பாராட்டுக்குரியது. 500 வாட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 50 ஆம்பியர் பாயும் என்பதால் தடித்த செம்புக் கேபிளையே இழுப்பார். கேபிள் எங்கேனும் உராய்ந்து உடலிரும்பைத் தொட்டால் தீப்பற்றாதிருக்க, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வைப்பார். எஞ்சினின் சீழ்க்கை பாட்டில் கலவாதிருக்க, ஒலிக் கேபிளை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுசெல்வார். எர்த் ஒயர் வெற்றிரும்பைத் தொட்டால்தான் மின்னோட்டம் சீராகத் திரும்பும். எனவே, பக்கத்து வீட்டுச் சிறுவனின் சைக்கிள் கதவில் உரசியதற்காகத் தெருவையே கூட்டிய அதே மனிதர், தம் கையாலேயே உப்புத்தாள் கொண்டு டிக்கியின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

ஆம்ப்ளிஃபயரிலுள்ள கெய்ன் எனும் திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கன்று, ஸ்டீரியோவின் அளவோடு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கே என்று ஊருக்கெல்லாம் விளக்குபவர், யாருமில்லாத வேளையில் அதையே இன்னும் கொஞ்சம் திருகுவார். எல்லை மீறினால் ஒலியலையின் முகடு வெட்டுப்பட்டு, சுருள் சூடேறிக் கருகும் வாடை எழும். அதற்கு மட்டும் அவரிடம் கணக்கு இராது.

பாட்டு அவருக்கு ஒரு பொருட்டன்று. எப்பாட்டிலும் பேஸ் இறங்கும் இடம் மட்டுமே அவருக்குத் தெரியும். பாடியவர் யாரென வினவினால் தடுமாறுவார். ஊரிலிருந்து வந்த மாமியாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி அவர் ஒலியைக் கூட்ட, அம்மூதாட்டி சற்றுநேரம் செவிசாய்த்துவிட்டு, “டிக்கியில ஏதோ கழண்டு ஆடுது மாப்பிள்ளை, மெக்கானிக்கிட்ட காட்டக் கூடாதா?” என்றாராம். அன்பர் முகமலர்ந்து விடையிறுத்தார்: “அது நம்பர் பிளேட் அத்தை. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.”