வடசென்னைக் கம்பளி ரட்சண விசாரம்

வருஷத்தில் பத்து மாதம் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டே காலங்கழிக்கும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிரதேசங்களில், பீரோவின் அடித்தட்டிலோ பரண்மேல் டிரங்குப் பெட்டியிலோ ஒரு ஸ்வெட்டரும் ஒரு மஃப்ளரும் ஒரு குரங்குக் குல்லாவும் இல்லாத வீடு அபூர்வம் என்பதை வாசகர்கள் முதற்கண் பிரமாணமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். சென்னையின் கடுங்குளிர் என்று வானிலை ஏடுகள் காட்டுவது 1905ஆம் வருஷம் ஜனவரி 29ஆம் தேதி பதிவான 13.9 பாகை செல்ஸியஸ்தான். சிம்லாவில் அதை நல்ல வெயில் என்பார்கள். ஆகவே குளிருக்காகவே கம்பளி என்னும் வாதம் நிற்பதற்கில்லை. மார்கழி விடியலில் பால் வாங்கப் புறப்படும் பேரனை வாசற்படியில் மறித்து, "தலைல பனி எறங்கிடும், குல்லாவ மாட்டிக்கினு போடா" என்று ஆயா பிறப்பிக்கும் ஆக்ஞையே இவ்வழக்கத்தின் மூலாதாரம். அவ்வாக்ஞை தை பிறந்து சில நாளில் காலாவதியாகிவிடுவதால், மிச்சமுள்ள காலமெல்லாம் அந்த வஸ்திரத்தை உடுப்பார் இல்லை, காப்பார் மட்டுமே உண்டு என்றாகிறது. இந்த விசாரத்துக்கு விஷயம் அந்தக் காப்பேயாகும்.

இதிலுள்ள விபரீதம் யாதெனில், வஸ்திர சாஸ்திரத்தில் இவ்வட்டாரத்தார் கற்றுக்குட்டிகள் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுக்கக் குடியேறியவர்களால் பெயர் பெற்றது வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்கென்று ஏற்படுத்திய குடியிருப்பே திருவொற்றியூர்க் காலடிப்பேட்டை. அடுத்த நூற்றாண்டில் பெரம்பூர்ப் பக்கம் பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளும் எழுந்தன. ஆனால் அத்தனையும் பருத்தி. அதே பின்னி கம்பெனியார் நிர்வகித்த கம்பளி ஆலை இருந்ததோ பெங்களூரில்; குளிர் எந்த ஊரில் இருக்கிறது என்பது வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

பருத்தியில் அடைந்த பாண்டித்தியமே கம்பளிக்கு எமனாய் முடிந்தது. உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவியில் ஆவி கட்டி, கல்லில் ஓங்கி அறைவது என்று தலைமுறை தலைமுறையாய்ச் செப்பனிட்ட கலையில், காரம், உஷ்ணம், அடி ஆகிய மூன்றில் எதை நீக்கினாலும் பருத்தி வெளுக்காது. எதைச் சேர்த்தாலும் கம்பளி பிழைக்காது. ஆட்டுரோமம் நம் தலைமயிரைப் போலவே கெராட்டின் என்னும் புரதத்தாலானது. நூற்றுக்கு ஐந்து பங்கு காஸ்டிக் சோடா கலந்த கொதிநீரில் இட்டால் சில நிமிஷங்களில் கரைந்தே போகும். தவிரவும், பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் இழையின்மீதும் கொடுவா மீனின் செதில்போல ஒரே திசையில் சாய்ந்த செதில்கள் அடுக்கடுக்காய்க் காணும். வெந்நீரில் கசக்கும்போது இழைகள் வேர்ப்பக்கமாக மட்டும் நகர்ந்து, செதிலோடு செதில் கோத்துக்கொண்டு, திரும்பி வர வழியின்றி இறுகிப்போகின்றன. நாற்பது அங்குல மார்புக்குப் பின்னிய ஸ்வெட்டர் நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருந்தும் அற்புதத்தின் ரகசியம் இதுவே.

அங்ஙனமாயின் துவைக்காமலே வைத்துக்கொள்ளலாமே என்பது பூர்வபக்ஷம். பட்டும் கம்பளியும் நனைக்காமலே மடி என்னும் ஆசாரக்காரர்களின் கொள்கை இதற்கு அனுகூலமாயிருப்பதோடு, எல்லாம் துறந்து கோவணத்தோடு திரிந்த பட்டினத்தார் திருவொற்றியூர்க் கடற்கரையைத் தேர்ந்து சமாதி கொண்டதும் சலவைத் துறையின் கோணத்திலிருந்து இன்னும் எவராலும் ஆராயப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. ஆனால் இப்பக்ஷத்தை அந்துப்பூச்சி ஒரே பருவத்தில் கண்டனம் செய்துவிடும். பறக்கிற பூச்சியைக் கைதட்டி அடித்துவிட்டு வீரம் பேசுவோர் அறிய வேண்டியது, பறப்பது எதையும் தின்பதில்லை, தின்றது அதன் புழு என்பது. அப்புழுவுக்கோ வியர்வையும் மீன்குழம்புக் கறையும் ஏறிய கம்பளி விசேஷ ருசி. வெறும் பாச்சை உருண்டையை நம்பி அழுக்கு ஸ்வெட்டரைப் பெட்டியில் வைப்பது, திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டும் காரியம்.

துவைத்தால் சுருங்கும், துவைக்காவிட்டால் ஓட்டை விழும் என்னும் இந்த இருதலைக் கொள்ளிக்கு நிவர்த்தியாவது: பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி ஊறவைத்து நுரைத்த பச்சைத்தண்ணீரில் ஆடையை அமிழ்த்தி, கசக்காமல், முறுக்காமல், உள்ளங்கையால் அமுக்கி எடுத்து, உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி நீரை ஒற்றிவிட்டு, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரத்தி நிழலில் உலர்த்த வேண்டும். கொடியில் போட்டால் நனைந்த பாரமே இழுத்துக் கையை முழங்காலுக்குக் கொண்டுவந்துவிடும்.

இதுவரை சாஸ்திரம் சுலபம். பாய் விரிக்கும் இடம்தான் சங்கடம். ராயபுரத்து மொட்டைமாடியில் விரித்த வெள்ளைத் துணி துறைமுகத்து நிலக்கரித் தூளால் சாம்பல் நிறம் பெறுவது, நீதிமன்ற உத்தரவின் பேரில் 2011இல் அச்சரக்கு எண்ணூருக்கு மாற்றப்படும் வரை நித்திய அனுபவம். மாற்றப்பட்ட பின் அந்த அனுபவம் எண்ணூர்க்காரர்களுக்கு வாய்த்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டும், அத்திப்பட்டுப் பக்கத்துப் புகைபோக்கிகள் ஓய்வெடுத்ததாகத் தெரியவில்லை. போதாக்குறைக்குக் கடற்காற்று. தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தைக் குடித்தும் நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாத குணம் கம்பளிக்கு உண்டாகையால், தொட்டுப் பார்த்துக் காய்ந்தது என்று மடித்து வைத்தவர்கள் ஒரு வாரங்கழித்து மோந்து பார்த்து ஞானம் அடைகிறார்கள். மாசி வெயில் நாட்களில், நல்ல காற்றுள்ள கூடத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே இரண்டு நாள் கிடத்துவதே இப்பிரதேசத்துக்கு உசிதம் என்பது என் துணிபு. இடவசதியற்ற ஒண்டுக்குடித்தனங்களில் அந்த இரண்டு நாளும் மனிதர்கள் எங்கே படுப்பது என்பது இவ்விசாரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இத்தனைக்கும் மீறிச் சுருங்கிப்போனவற்றின் கதி என்ன என்று கேட்பார் உளர். இறுகிய கம்பளி எண்ணெயை நன்றாய் உறிஞ்சும். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்த பழைய புல்லட் வண்டிகள் இந்த வட்டாரத்தில் இன்னும் ஓடுகின்றன. அவை எண்ணெய் கசியாத நாள் கிடையாது.