கேளுங்கள், கரண்ட் தரப்படும்!

ரைஸ்மில் கணக்குப்பிள்ளை, அம்மாப்பேட்டை: ஆபீஸ் கம்ப்யூட்டர் திடீரென்று உயிரை விட்டுவிட்டது. மெக்கானிக் திறந்துகூடப் பார்க்காமல் ‘எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு’ என்கிறார். நம்பலாமா?

ஜோசியம்தான், ஆனால் அடிக்கடி பலிக்கிற ஜோசியம். எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவர்க் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. அதன் 24 முனை கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதில் இருக்கும் ஒரே பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, பிறகு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். ஃபேன் சுற்றவில்லையா, பெரும்பாலும் கதை முடிந்தது. சுற்றினாலும் உடனே பாஸ் போட்டுவிடாதீர்கள். மஞ்சள் வயரில் மல்டிமீட்டர் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே காட்ட வேண்டும்.

மாணவர், வல்லம்: ‘450 வாட்’ எஸ்.எம்.பி.எஸ். ஒரு கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பெரிய எழுத்தை விடுங்கள், அதே ஸ்டிக்கரில் பொடி எழுத்துக் கட்டம் ஒன்று இருக்கும். +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர்? 16 என்றால், 12-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் அதிலிருந்துதான் குடிக்க வேண்டும். மிச்ச வாட்டில் பெரும்பகுதி, ஸ்டிக்கர் அடித்தவரின் கற்பனை வளம். ஆம்பியரைப் பாருங்கள், வாரன்டி எத்தனை வருஷம் என்று கேளுங்கள், அப்புறம் விலைக்கு வாருங்கள்.

இல்லத்தரசி, திருவையாறு: பையன் 550 வாட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கரண்ட் பில் எகிறாதா?

மேட்டூரில் 120 அடி நிரம்பி நின்றாலும், உங்கள் மடையில் திறந்த அளவுதானே வயலுக்குப் பாயும்? இதுவும் அப்படித்தான். கம்ப்யூட்டர் 100 வாட் கேட்டால் 100 வாட்தான் கொடுக்கும். பில்லைப் பாதிப்பது வீணாகும் சூடு. 85 சதவீதத் திறன் உள்ள பெட்டி அந்த 100 வாட்டுக்குச் சுவரிலிருந்து 118 வாட் இழுக்கும். 67 சதவீதம் தேறுகிற மட்ட ரகம் சுமார் 150 இழுக்கும். ‘80 பிளஸ்’ முத்திரை பார்த்து வாங்குங்கள். பையன் 550 கேட்பது படிப்புக்காகத்தானா என்று தனியே விசாரியுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரர், பட்டுக்கோட்டை: 2018 கஜா புயலுக்கு அப்புறம் கடை வயரிங்கையே மாற்றினேன். இப்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸும் புதுசு. கேபினட்டைத் தொட்டால் இன்னும் ‘சுர்’ என்கிறது!

பெட்டியைத் திட்டாதீர்கள், சுவரைப் பாருங்கள். உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர்கள் போகின்றன. இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் சொற்பம் என்பதால்தான் ‘சுர்’ரோடு நிற்கிறது. நிஜமாகவே உள்ளே லீக் ஆனால், கடிதம் எழுத ஆள் இருக்காது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 230 காட்ட வேண்டும். எர்த் குழி ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் ஈரமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் நீங்கள்தான் ஒரு குடம் ஊற்ற வேண்டும். மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னை வெட்டிய புண்ணியவான் யாரென்றும் கண்டுபிடியுங்கள்.

பெயர் வேண்டாம், நீடாமங்கலம்: புது எஸ்.எம்.பி.எஸ்.ஸை நானே மாட்டிக்கொள்ளலாமா?

நாலு ஸ்க்ரூ, தாராளமாக. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய இணைப்புகளை செல்போனில் படம் எடுங்கள். பிராசசர் பக்கத்து 4 அல்லது 8 முனை கனெக்டரை மறப்பது ஊர் வழக்கம். ஃபேன் ஓடும், திரை இருட்டாகவே இருக்கும். பெட்டியில் சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-இல் நிற்கட்டும். 115-இல் வைத்துப் போட்டால் தீபாவளி. கேபிளைக் கழற்றி மாட்டும் ரகமென்றால், பழசின் கேபிளைப் புதுசில் செருகாதீர்கள்: முனை பொருந்தும், வயர் வரிசை பொருந்தாது. பிராண்டட் சிஸ்டம் என்றால் அளவும் முனையும் வேறாக இருக்கலாம், பழசையே கடைக்கு எடுத்துப் போங்கள். அதைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

விவசாயி, ஒரத்தநாடு: பம்ப்செட்டுகள் ஓடும்போது வோல்டேஜ் படுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் தாங்குமா?

பெட்டியில் ‘100–240’ என்று இருந்தால் சமாளிக்கும். ‘200–240’ என்றால் மோட்டார் நின்றபிறகு கணக்கு எழுதுங்கள்.

கம்ப்யூட்டர் சென்டர்காரர், கும்பகோணம்: ஆயுத பூஜைக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

வைக்கலாம், காற்றுத் துளையில் வேண்டாம். முதல் நாளே பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் சுற்றாமல் குச்சியால் தடுத்துக்கொண்டு ப்ளோயரால் தூசியை ஊதிவிடுங்கள். மற்றதைச் சாமி பார்த்துக்கொள்ளும். வாரன்டி பில்லை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.