சந்தையைப் புதுப்பிக்கலாம், கலைக்கக் கூடாது

கேள்வி: பழைய சந்தையைப் புதிதாகக் கட்டும்போது ஊரின் கலையும் மரபும் தப்புமா?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: தப்பும், வரைபடத்தில் கடைக்காரருக்கும் இடம் இருந்தால்!

புதுச்சேரியைப் பாருங்கள். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி (பழைய நகராட்சி) கட்டடத்தை, பழைய தோற்றத்திலேயே எழுப்பி 2021-இல் திறந்தார்கள். கட்டடத்தை மீட்டுவிடலாம். ஆனால், அதே ஊரின் பெரிய மார்க்கெட்டைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். வேலை முடியும்வரை எங்கே விற்பது, முடிந்தபின் அதே இடம் கிடைக்குமா என்ற கவலை நியாயமானதுதானே? சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. கடைகள் பக்கத்து வளாகத்துக்குப் போயின. பெயர் பிழைத்தது, பழைய களை பிழைக்கவில்லை.

காரைக்கால் வணிகர்களின் ஊர். காரைக்கால் அம்மையாரே வணிகர் குலத்தில் பிறந்தவர். ஆனி மாதம் அவர் நினைவாக நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசும் தெருக்களுக்குக் கடைவீதிதான் உயிர். எனவே இடிக்கும் முன் தூண், மரவேலை, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் அளந்து படமெடுத்து வையுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரையே உதிர்த்துவிடும். மண்பாண்டம், கூடை விற்பவர்களுக்குத் தரைத்தளத்திலேயே இடம் கொடுங்கள். மாடியேறி யாரும் பானை வாங்குவதில்லை.

சந்தைக்கு அழகு தூண் அல்ல, கூட்டம். ஊர்க்காரர்களே, வரைபடம் முடிவாகும் முன் போய்ப் பேசுங்கள்!