பதி, பசு, பாசம், 13.8 வோல்ட்: ஹாம் செட் மூர்ச்சையாவது குறித்த சித்தாந்த ஆய்வு

பேசுவதற்கான பிடிடி சுவிட்சை அழுத்தி “ஹலோ” என்றதும் செட் அணைகிறது. விரலை எடுத்ததும் உயிர் வருகிறது. ஹாம் வானொலிக்காரர்களின் மேசைகளில் அன்றாடம் நிகழும் இந்தக் குட்டி மரணத்தை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாதது வருந்தத்தக்கது. அக்குறையைப் போக்கக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸைவிடத் தகுதியான ஊர் கிடையாது.

மின்சாரத்தைத் தொலைவிலிருந்து வரவழைப்பதில் இவ்வூரின் அனுபவம் பழையது. திவான் சேஷாத்ரி ஐயர் முனைந்து தொடங்கிய சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து 1902-இல் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. தூரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர். பெங்களூர்த் தெருக்களே அப்போது எண்ணெய் விளக்கில் கிடந்தன. கண்ணுக்குத் தெரியாததைப் பிடிப்பதிலும் ஊருக்குப் பெயர் உண்டு. 1965-இல், சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா சிட்டி, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து விண்ணிலிருந்து வரும் கதிர்களால் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். எதிலும் பட்டுக்கொள்ளாமல் பூமியையே ஊடுருவிப்போகும் துகள் அது. அதையே பிடித்த ஊரில், பவர் சப்ளைக்கும் செட்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டரில் தொலையும் 2 வோல்ட்டைப் பிடிக்க முடியாதா?

இதுவரை இத்துறையில் இரண்டு மரபுகள் உண்டு. செட்டுவாதிகள், “செட்டு போச்சுண்ணா” என்று திருப்புளியோடு வருவார்கள். மூடியைத் திறக்காமல் போகமாட்டார்கள். கரண்ட்டுவாதிகள் குற்றத்தை மின்கம்பத்தின்மேல் போட்டுவிட்டு ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வார்கள். இரு சாராருக்கும் இடையே கிடப்பதை இரு சாராரும் பார்ப்பதில்லை. அதைப் பார்த்தவர்கள் சைவ சித்தாந்திகள் மட்டுமே. பவர் சப்ளை பதி (இறைவன்). செட் பசு (உயிர்). நடுவே கட்டியிருக்கும் ஒயர் பாசம் (தளை).

பாசத்தின் மலம் மூன்று. முதலாவது ஆணவம். அதற்குச் சித்தாந்த ஆசிரியர்கள் சொல்லும் உவமை செம்பில் ஏறிய களிம்பு. ஃபியூஸ் ஹோல்டரிலும் கனெக்டர் முனையிலும் சத்தியமாகவே களிம்புதான் ஏறியிருக்கிறது. உவமைக்கும் பொருளுக்கும் இவ்வளவு நெருக்கம் வேறெந்தத் துறையிலும் வாய்த்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது கன்மம்: இந்த செட்டை முன்பு வைத்திருந்தவர் சால்டர் வைக்கச் சோம்பி, முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். அவர் செய்தது, நாம் அனுபவிக்கிறோம். மூன்றாவது மாயை: சும்மா இருக்கும்போது மீட்டர் காட்டும் 13.8 வோல்ட். சித்தாந்தத்தில் மாயை பொய்யன்று என்பதை இங்கே நினைவில் கொள்க. மீட்டரும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட வேளைதான் தவறு.

100 வாட் செட் கேட்கும்போது ஓரிரு ஆம்பியரோடு அடங்கிவிடும். பேசும்போது 20 ஆம்பியர்வரை இழுக்கும். வழியில் 0.1 ஓம் தடை போதும், 2 வோல்ட் போய்விடும். அந்த இடத்தில் 40 வாட் வெறும் சூடு. பெரும்பாலான செட்டுகள் 13.8-க்குப் பதினைந்து சதவீதம் கீழே, அதாவது 11.7 வரைதான் பொறுக்கும்; அதற்கும் கீழே இறங்கினால் அணைந்துவிடும். சிவசமுத்திரத்தார் இதற்கு அன்றே விடை கண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய 35,000 வோல்ட்டில் நம் செட்டுக்கான மின்சாரம் வந்தால் 8 மில்லி ஆம்பியர் போதும்; எவ்வளவு களிம்பும் அதை ஒன்றும் செய்யாது. மேசைமேல் 35,000 வோல்ட் வைப்பதை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை.

பதியே பழுதாவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் நம் குரலுக்கடியில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துகொண்டால் உறுமல் 50-க்கு இறங்கும். (சிவசமுத்திரம் மின்சாரம் 25 சைக்கிள். அந்நாளில் இங்கே ஹாம் சப்ளை செய்திருந்தால் கெப்பாசிட்டர் இரண்டு மடங்கு போட்டிருக்க வேண்டும். இதனால் இன்று யாருக்கும் பயனில்லை எனினும் ஆய்வு முழுமைக்காகக் குறித்துவைக்கிறேன்.) பாஸ் டிரான்சிஸ்டரான 2என்3055 ஷார்ட் ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட வோல்ட் நேராக செட்டுக்குள் பாயும். அதைத் தடுக்கக் கிரோபார் என்னும் காப்புச் சுற்று இல்லாத சப்ளையை நம்புகிறவரோடு இவ்வாய்வாளர் வாதிடுவதில்லை.

ஆய்வு முறை மிக எளிது. ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடைக் கட்டி, ஒருவர் சுவிட்சை அழுத்திக் கேரியர் அனுப்ப, மற்றவர் மீட்டரை சப்ளை முனையில் வைக்க வேண்டும். பின்பு செட்டின் பின்புற முனையில். முன்னது 13.8, பின்னது 11.5 என்றால் பதியும் பசுவும் நிரபராதிகள். அடுத்து மீட்டரின் இரு ஊசிகளையும் ஃபியூஸ் ஹோல்டரின் இருபுறமும் வைத்தால், தொலைந்த வோல்ட் அங்கே உட்கார்ந்திருக்கும். மீட்டர் இல்லாதவர் நிறுத்தியபின் விரலால் தொட்டுப் பார்க்கலாம். சுட்ட இடம்தான் இடம். கருப்பு ஒயரை மறந்துவிடக்கூடாது. அதிலும் ஃபியூஸ் உண்டு என்பது பலருக்கு மூன்றாவது நாள்தான் தெரியவரும்.

தீட்சை என்பது மெல்லிய உப்புத்தாளும் தடித்த ஒயரும் ஒழுங்கான சால்டரும்தான். செலவு செட்டுவாதிக்குக் கொடுக்கும் டீக்காசைவிடச் சற்றே கூடுதல். அதன்பின் குரல் கணீரென்று போகும். மறுமுனையில் இருப்பவர், “ஆண்டெனாவை மாத்திட்டீங்களா?” என்பார். ஆமாம் என்றுதான் பதில் போகிறது. ஃபியூஸ் ஹோல்டரைச் சுரண்டினேன் என்று எந்த ஹாமும் காற்றில் ஒப்புக்கொண்டதாக இவ்வாய்வாளருக்குச் சான்று கிட்டவில்லை.