மஞ்சள் துணியும் மிலான் மெஷினும்

மூன்றாம் மாடிக்காரர் நல்லவர்தான். ஆனால் அவர் கையில் டார்ச் இருக்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை, கட்டடம் முழுக்க பிரியாணி வாசனை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பார்க்கிங்கில் என் கார் பானெட் மேல் வெளிச்சத்தை அடித்துவிட்டு, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபுல்லா ஸ்விர்ல் மார்க் சார். இப்படியே விட்டா அவ்ளோதான்."

விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது. கீறலோடும் கார் ஓடும், பிரேக் பிடிக்கும், டோலில் காசு கழியும். ஆனால் சொன்னவர் மேலே போய் நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் கீழே நின்று என் போன் டார்ச்சைப் போட்டேன். கறுப்பு பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். (கறுப்பு வாங்காதே என்று அப்போதே சொன்னவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக் கார்க்காரர்கள். அவர்கள் வண்டியிலும் இதே கீறல் உண்டு. தெரியாது, அவ்வளவுதான்.)

இதில் எரிச்சலைக் கிளப்பும் சங்கதி, அந்தக் கீறல்கள் வட்டமாகவே இல்லை. நாலாபக்கமும் கன்னாபின்னாவென்று ஓடும் கோடுகள் அவை. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மினுங்குவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போட்டதாகக் கண்ணுக்குப் படுகிறது. டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே வரும். அணைத்தால் போய்விடும். ஆக, என் காருக்கு வந்த வியாதி பாதி அவருடைய டார்ச்சில் இருந்தது. ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிட்ட கண்ணை என்ன செய்ய?

பிறகு நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரைக் கழுவவா போகிறோம்? பாலிஷ் மெஷின் பார்க்க உட்கார்ந்தேன். பரணில் படுத்திருக்கும் பிரஷர் வாஷரைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்காத நேரம் நள்ளிரவுக்குப் பிறகுதான் என்பதால், ஆராய்ச்சி எல்லாம் அப்போதுதான். இன்ஷூரன்ஸ்காரர் என் காரின் இன்றைய மதிப்பை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை மெஷின் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். எதை வாங்க வேண்டும் என்ற முடிவை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஓரிரு விஷயம்.

மெஷினில் முக்கியமாக இரண்டு ரகம். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை. பட்டறையில் ரப்பிங் பாலிஷ் என்று சொல்லி ஓட்டுவது பெரும்பாலும் இதைத்தான். வேலை சீக்கிரம் முடியும். ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பெயிண்டும் முடியும். பழகாத கை ஓட்டினால் வெயிலில் ஹோலோகிராம் என்று ஒரு நிழல் அலை தெரியும். கீறலை எடுக்கக் கொடுத்த காசுக்குக் கிடைத்த புதுக் கீறல் அது. இன்னொன்று டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. சுற்றவும் செய்யும், அச்சு விலகி ஆடவும் செய்யும். சூடு ஒரே இடத்தில் தங்காது. ரொம்ப அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். பெரிய சேதாரம் பண்ணத் தெரியாத சாது.

சாதுவை வாங்கிக்கொண்டு படுத்திருக்கலாம். குறுக்கே 'த்ரோ' வந்தது. மெஷினில் மாட்டும் ஸ்பாஞ்ச் பேட் எவ்வளவு அகலத்துக்கு ஆடுகிறது என்ற கணக்கு. 8 மில்லிமீட்டர் ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருந்தது. மிலான் பக்கத்து ரூபெஸ் கம்பெனி 15, 21 என்று கொண்டுவந்தது. 21 அகலமான இடத்தைச் சீக்கிரம் முடிக்கும். வளைவில் தடுமாறிச் சுற்றாமல் நின்றுவிடும். சுற்றுகிறதா நிற்கிறதா என்று பார்க்க பேட் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் கம்பெனி, நிற்கவே விடாமல் பல்சக்கரம் வைத்துச் சுற்றவைக்கும் ஒன்றைச் செய்கிறது. என்னுடையது சின்ன ஹேட்ச்பேக். அதில் அகலமான இடம் என்று சொல்லத்தக்கது கூரை ஒன்றுதான். அதையும் பார்க்கப்போவது ஃப்ளைஓவர் மேலே போகிறவர்கள். இருந்தும் 15-ஆ 21-ஆ என்று பால் பாக்கெட் வந்து விழும்வரை எனக்குள் வாதம் நடந்தது.

நேரில் பார்த்தால் தெளியும் என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். சீட் கவர், ஹாரன், மிதியடி என்று சென்னைக் கார்களுக்கு அலங்காரம் நடக்கிற தெரு. ஒரு கடைக்காரர் ஆங்கிள் கிரைண்டரைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"இது கட்டிங் மெஷின் இல்லையாண்ணே?"

"பிளேடு மாட்டுனா கட்டிங் சார். ஸ்பாஞ்ச் மாட்டுனா பாலிஷிங்."

அந்த ரகம் நிமிடத்துக்கு 11,000 சுற்று போகும். கம்பி அறுக்கப் பிறந்தது. வேகத்தைக் குறைக்க டயல் இல்லையா என்றேன். "ஸ்விட்சை விட்டு விட்டு அமுக்குங்க" என்றார்.

இவற்றையெல்லாம் எதன் மேல் ஓட்டப்போகிறோம்? பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் மேல். அதன் கனம் சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான். உங்கள் தலைமுடியே அதைவிடத் தடிமன். பாலிஷ் என்றால் எதையோ பூசுகிறார்கள் என்று நினைப்போம். பேடில் தடவும் காம்பவுண்ட் செய்வது சுரண்டல். கீறலின் அடிமட்டம் வரை அக்கம்பக்கத்தைத் தேய்த்து இறக்கிவிட்டால் கீறல் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பூச்சைக் காசு கொடுத்துக் கழற்றுகிறோம். ஓரங்களிலும் மடிப்புகளிலும் டேப் ஒட்டாமல் ஓட்டினால், அடியிலிருக்கும் வண்ணம் போய் பிரைமரே தரிசனம் தந்துவிடும்.

சரி, எந்த மெஷின்? அதற்குத்தான் வருகிறேன். ஆனால் இந்தக் கீறல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்க வேண்டாமா?

மஞ்சள் துணியிலிருந்து.

எங்கள் அபார்ட்மெண்டில் விடிகாலை 5 மணிக்கு ஒருவர் கார் துடைக்க வருவார். ஒரு பக்கெட், அதில் பாதி தண்ணீர், ஒரு மஞ்சள் துணி. முதல் வரிசை முதல் காரிலிருந்து கடைசி வரிசை கடைசிக் கார் வரை அதே தண்ணீர், அதே துணி. என் கார் கடைசிக்கு முந்தியது. என்னிடம் வந்து சேரும்போது அந்தத் துணியில் ஏ பிளாக்காரர் வேளச்சேரியிலிருந்து கொண்டுவந்த சேறு, டாக்டரம்மா வண்டியின் பிரேக் தூள், மெட்ரோவுக்குத் தோண்டிய மண், யாரோ ஒரு குடும்பத்தின் திருப்பதி யாத்திரை எல்லாம் ஏறியிருக்கும். அத்தனையையும் என் பானெட்டில் இரண்டு கையாலும் பக்தியோடு தேய்ப்பார். துணி ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்தது என்பதற்கு ஓரத் தையலில் மட்டும் சான்று இருக்கிறது. தரையில் விழுந்தால் எடுத்து ஓர் உதறு. விழுந்த இடத்து மணலில் பாதி உள்ளேயே தங்கிவிடும். மழை நாளில் அவருக்கு விடுமுறை, துணிக்குக் கிடையாது. வாட்ச்மேன் அதை மோட்டார் ரூம் வாசலில் கால்மிதியாகப் போடுவார். வெயில் வந்ததும் பதவி உயர்வு பெற்று பானெட்டுக்குத் திரும்பும்.

பொறுக்காமல் ஒரு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தேன். "அண்ணே, இது என் வண்டிக்கு மட்டும்." மறுநாள் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சூப்பர் துணி சார். டயர் மண்ணு மொத்தத்தையும் உறிஞ்சுது." சொல்லிக்கொண்டே அதே துணியோடு எழுந்து பானெட்டுக்கு வந்தார். என் வண்டியைத் துடைக்கவே வேண்டாம் என்றேன். முகம் விழுந்துவிட்டது. மாதக் காசு முழுதாகத் தருகிறேன், துடைக்க மட்டும் வேண்டாம் என்றேன். சும்மா வாங்கமாட்டேன் என்று மறுநாள் இரண்டு தடவை துடைத்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அரை பக்கெட்டுக்கு மேல் தண்ணீர் தரக் கூடாது என்பது அசோசியேஷன் தீர்மானம். அதற்குக் கை தூக்கிய அதே ஆட்கள்தான் இப்போது 9எச் செராமிக் கோட்டிங்குக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறார்கள். 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை. என் காரை யாரும் பென்சிலால் துடைப்பதில்லை.

மெஷினுக்கு வருவோம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முகவரி எல்லாம் கொடுத்து, கடைசி பட்டனில் விரல் வைத்தபோது வீட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

"அதைக் கீழே எங்கே செருகுவீங்க?"

பார்க்கிங்கில் இருக்கும் ஒரே பிளக் பாயிண்ட் தண்ணீர் மோட்டாருடையது. அறைச் சாவி செயலாளரிடம். பொது மின்சாரத்தில் சொந்த வேலை கூடாது என்று அவர் கையெழுத்தோடு கதவில் போர்டே தொங்குகிறது. ஒரு ஸ்கூட்டருக்கு யாரோ சார்ஜ் ஏற்றிய நாளிலிருந்து அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

பேட்டரி மெஷின் இருக்கிறதே என்று தயவுசெய்து யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். இருக்கிறது, பார்த்துவிட்டேன். அதிலும் 15, 21 இரண்டும் வருகிறது.