அக்கா கல்யாணத்துக்கு ஒரு கோட்டிங்

எண்பதுகளில் எங்கள் குமணன்சாவடி வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால் முதலில் பத்திரிகை அடிக்க மாட்டார்கள். காருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க வருகிறார்களா, காரைப் பார்க்க வருகிறார்களா என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தீராத சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் தயார் செய்துவிடுவார். அக்காவுக்குப் புதுப் புடவை, ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் புது வண்ணம்.

ஹெரால்டு நம்ம ஊர்க் கார். இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்ததை, 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. அறுபதுகளின் பிற்பாதியில் வந்த நாலு கதவு மாடல் இந்தியாவுக்கென்றே செய்தது. இங்கிலாந்துக்காரனுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. எங்களுடையது அதுதான். அன்று நாட்டில் கார் என்றால் பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று ரகம்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை நிலைமை அதுவே. புதுக் கார் வாங்க வேண்டுமென்றால் பணம் வேண்டும். பணம் இருந்தாலும் பொறுமை வேண்டும். ஆகவே இருக்கிற காரையே புதுசாக்குவதுதான் நடுத்தர வர்க்கத்தின் கண்டுபிடிப்பு.

வேலை வாசலில்தான் நடக்கும். டிங்கர் மேஸ்திரி லாரி ஷெட்டில் தொழில் கற்றவர். சுத்தியல், டோலி, கேஸ் சிலிண்டர் மூன்றோடு வருவார். ஹெரால்டு அவருக்குப் பிடித்த வண்டி. மற்ற கார்களில் உடம்பு முழுவதும் ஒரே பற்றவைப்பாக இருக்கும். இதில் தனிச் சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய பாடி. அதற்கொரு வேடிக்கையான காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடி அடித்துத் தர ஆளில்லாததால் சின்னச் சின்னப் பகுதிகளாகச் செய்து பொருத்தினார்கள். பர்மிங்காம் பக்கத்து வியாபாரச் சண்டையின் பலனைக் குமணன்சாவடியில் எங்கள் மேஸ்திரி அனுபவித்தார். ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு கதவையும் பானட்டையும் கழற்றித் திண்ணையில் சாய்த்துவிடுவார்.

“துரு எவ்வளவு இருக்கு மேஸ்திரி?”

“மேல ஒண்ணும் இல்ல சார். அடியிலதான் கொஞ்சம்.”

அந்தக் ‘கொஞ்ச’த்தின் வழியாகத் தெரு தெரியும். அப்பா அதைப் பார்க்க மாட்டார். மாப்பிள்ளை வீட்டார் குனிந்து பார்க்கவா போகிறார்கள் என்பது அவர் கட்சி. ஃபுட்போர்டின் அடியில் தகரத்தை வெட்டி வைத்துப் பற்றவைக்கச் சொல்ல வேண்டிய இடத்தில், பட்டிப் பசையை அடைத்து மூடச் சொல்லிவிடுவார். மேஸ்திரி ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். “தண்ணி உள்ள நின்னா வெளிய வந்துரும் சார்.” அடுத்த கல்யாணத்துக்கு அது சொன்னபடி வெளியே வந்து நிற்கும்.

பெயின்டர் வேறு ஜாதகம். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியைத் தொட மாட்டார். அன்று அடித்ததெல்லாம் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகரம் குளிர்ந்துபோகும், ஈரக்காற்று அதன்மேல் படிந்து கறுப்பு சாம்பலாகவும் நீலம் பாலாகவும் வெளுத்துவிடும். ‘பூத்துப்போச்சு’ என்பார். இயற்பியல் எதுவும் படிக்காமலே அவருக்கு வடகிழக்குப் பருவமழையோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. தையில்தான் கம்ப்ரசர் டிரைசைக்கிளில் வந்திறங்கும். காலை ஆறு மணிக்குத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, கண்ணாடிகளில் தினத்தந்தியை ஒட்டி, வெயில் ஏறுவதற்குள் அடித்து முடிப்பார். சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும்; கம்ப்ரசரும் படுத்துவிடும்.

அவர் பட்டியைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரப்பர் கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, குறுக்கும் மறுக்குமாகத் தேய்ப்பார். நேர்க்கோட்டில் தேய்த்தால் பள்ளம் விழும். நடுவில் நிறுத்தி, உள்ளங்கையை விரித்து, கண்ணை மூடி, தகரத்தின்மேல் மெதுவாக நகர்த்துவார். கண்ணுக்கே தெரியாத மேடு கையில் அகப்பட்டுவிடும். அந்த இடத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு மறுபடி தேய்ப்பார். அப்பா தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு பக்கத்தில் போனால் போதும்: “கை வைக்காதீங்க சார், மீன்கண்ணு விழும்!” எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குட்டிக் குட்டி வட்டமாக விலகி நிற்கும். வீட்டிலேயே அப்பாவை அதட்டத் துணிந்த ஒரே ஆள் அவர்தான்.

முகமூடி என்பது மூக்கில் கட்டிய கைக்குட்டை. வேலை முடிந்ததும் நுரையீரலைக் கழுவுவதற்காக ஒரு வாழைப்பழமும் வெல்லக்கட்டியும். அவை வயிற்றுக்குத்தான் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெயின்ட் புகை செம்பருத்திச் செடியில் படிந்து இலையெல்லாம் நீலமாகும். அம்மா அதையே பறித்துப் பூஜைக்கு வைத்தாள். சாமி ஆட்சேபிக்கவில்லை.

இது அன்று. இன்றைக்கு வருகிறேன்.

வாசலுக்கு எதிரே மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் மேல் மெட்ரோ பாலம் எழுந்துவிட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வருகிற நான்காம் வழித்தடம்; அது எழும்பிய காலத்தில் படிந்த சிமென்ட் தூசியில் எங்கள் ஹெரால்டு எந்த நிறம் என்பதே தெருவுக்கு மறந்துபோனது. அப்பாவுக்குப் பிறகு ஷெட்டில் முடங்கிக் கிடந்த வண்டியை நான்தான் வெளியே இழுத்தேன். கல்யாணம் எதுவும் நிச்சயமாகவில்லை. காரணமே இல்லாமல் காருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு இன்று ‘ரெஸ்டோரேஷன்’ என்று பெயர். அதற்கு மரியாதையும் உண்டு.

அன்று இல்லாததெல்லாம் இன்று கூரியரில் வருகிறது. அரை எச்.பி. கம்ப்ரசர், எச்.வி.எல்.பி. கன், 80 முதல் 2000 வரை எல்லா நம்பரிலும் காகிதம், இடுக்கு பார்க்க மொபைலில் மாட்டும் கேமரா. பெயின்டின் தடிமன் அளக்கக் கூட ஒரு கருவி. பழைய பெயின்டரின் உள்ளங்கை செய்ததைப் பாதி செய்கிறது, பேட்டரி தீரும்வரை. வாத்தியார்கள் யூடியூபில் இருக்கிறார்கள். இங்கிலாந்துக் குளிரில் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு, இந்தத் தின்னரைக் கலந்தால் போதும் என்கிறார் ஒருவர். அதைக் குமணன்சாவடிச் சித்திரையில் கலந்தால், கன்னிலிருந்து கிளம்பிய பெயின்ட் தகரத்தைத் தொடுவதற்குள் பாதி உலர்ந்து, ஆரஞ்சுத் தோலாக உட்கார்ந்துவிடும். நம் வெயிலுக்கு மெதுவாக உலரும் தின்னர் வேண்டும். இதைச் சொல்ல நம்மூர்ப் பெயின்டர் இல்லை. அவர் மகன் ஷோரூமில் கார் விற்கிறான்.

வண்டியைத் தேய்க்க ஆரம்பித்ததும் குடும்ப வரலாறு வெளியே வந்தது. மட்கார்டில் ஓர் இடத்தைச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டே போனால் நிறங்கள் வளையம் வளையமாகத் தெரிகின்றன. வெளியே இருப்பது அக்கா கல்யாணத்துப் பச்சை. அதன் உள்ளே அத்தை கல்யாணத்து நீலம். அதற்கும் உள்ளே கம்பெனி கிரீம். பிறகு ரெட் ஆக்சைடு. ஃபுட்போர்டில் மட்டும் எல்லா நிறத்துக்கும் அடியில் ஒரே பட்டி. அதற்கும் அடியில் தகரமே இல்லை. ஒவ்வொரு கல்யாணத்தின்போதும் தள்ளிப்போட்ட செலவை வட்டியோடு எனக்கு எழுதிவைத்திருந்தார் அப்பா.

“ஏன்ப்பா கஷ்டப்படற? துருவோட அப்படியே விட்டு மேல கிளியர் கோட் அடிக்கறதுதான் இப்ப ஃபேஷன்” என்றாள் மகள். அப்பா மூடி மறைக்கச் சொத்தில் பாதியைச் செலவழித்த ஒன்றை, இன்று காசு கொடுத்துக் காட்சிக்கு வைக்கிறார்கள்.

வெட்டுவது, பற்றவைப்பது, தேய்ப்பது எல்லாம் வீட்டில் ஆகிவிட்டன. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்பதால் தண்ணீர் விட்டே தேய்த்தோம். கடைசிக் கோட்டிங்குக்கு மட்டும் இடமில்லை. செம்பருத்தி இருந்த இடத்தில் இப்போது பக்கத்து ஃபிளாட்காரரின் வெள்ளை எஸ்.யு.வி. நிற்கிறது, சாமிக்கு இருந்த பொறுமை அதற்கு இருக்காது. மேலும் இன்றைய டூ-கே பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடிய சரக்கு. கைக்குட்டைக்கும் வெல்லத்துக்கும் அது அடங்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போட்டு, தனி பூத்தில்தான் அடிக்க வேண்டும். ஆக, வீட்டில் பந்தல் போட்டுச் செய்த கல்யாணம் மண்டபத்துக்குப் போன மாதிரி, பெயின்ட்டும் வாடகை பூத்துக்குப் போயிற்று.

அன்றுபோல் இன்றும் மாறாமல் உடன் வருவது கொசு ஒன்றுதான். பூத்துக்குள்ளும் ஒன்று நுழைந்து, டிக்கியின் நட்டநடுவில் ஈரப் பெயின்டில் இறங்கிச் சமாதியானது.

இனி சட்டம். 2021இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை ‘விஏ’ என்ற எழுத்துகளோடு வின்டேஜாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று ஓட்டலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. அப்பா ஓட்டுவதற்காகப் பெயின்ட் அடித்தார். நான் பெயின்ட் அடித்து முடித்து, ஓட்டாமல் இருப்பதற்குப் பணம் கட்டப்போகிறேன்.

பழைய காரை வீட்டில் வைத்துப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கும்போதே ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஃபுட்போர்டிலும் சக்கர வளைவிலும் அது ஒட்டாத இடமெல்லாம் பட்டி. மூடின துரு உள்ளே வளரும், ஆகவே நல்ல தகரம் வரும்வரை வெட்டுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றுங்கள். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கை அடியில் செலவழித்துவிட்டு, மிச்சமிருந்தால் நிறத்தைப் பற்றி யோசியுங்கள். கல்யாணம் எதுவும் வைத்திருந்தால், வாடகைக் கார் எடுங்கள்.